கிச்சாப்புக்கு ஒரு மாத்திரை

ஆங் மோ கியோ,
12 மே 2025

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கை சம்சுன்னிசா எழுதுகிறேன். அல்லாஹ்வின் கிருபையால் நான் நலம். பெர்த்தில் நீங்களும் ரபியா மதினியும் மகன் இல்ஹாமும் எப்படி இருக்கிறீர்கள்? அங்கே குளிர் தொடங்கியிருக்கும். உங்கள் முழங்கால் என்ன சொல்கிறது?

"தொலைபேசி இருக்கும்போது கடிதம் எதற்கு" என்று மறுபடியும் கேட்டிருக்கிறீர்கள். நோன்புப் பெருநாளன்று பேசியதை மறந்துவிட்டீர்களா? பிரியாணிக்கு எந்த அரிசி என்று தொடங்கினோம். பத்தாவது நிமிடம் நீங்கள் தொலைபேசியை வைத்தீர்கள், பதினோராவது நிமிடம் நான் அழுதேன். கடிதத்தில் உங்களால் குறுக்கே பேச முடியாது, எனக்கு அது வசதி. உயிர் போகிற காரியம் என்றால் கூப்பிடுங்கள். மற்றதெல்லாம் தபாலில்.

இந்த மாதச் செய்தி கிச்சாப்பைப் பற்றியது. எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே திரிந்த, சோயா கிச்சாப் போலக் கறுத்த பூனையைப் போன வருடம் வீட்டுக்குள் எடுத்து என் பெயரில் பதிவு செய்தேன் அல்லவா, அவன்தான். கதவு திறந்த நேரத்தில் நழுவி ஓடி, நாலாம் மாடி மஞ்சள் பூனையோடு சண்டை போட்டுவிட்டு வந்தான். இரண்டே நாளில் கன்னம் எலுமிச்சம்பழம் போல வீங்கிச் சீழ் கட்டிவிட்டது. எதிர்வீட்டு நடேசன் அண்ணன் கூடையைத் தூக்கிக்கொண்டு வர, ஜாலான் புசாரில் உள்ள பூனை டாக்டர் ரக்ஷனாவிடம் போனோம். சின்னப் பெண், தமிழ்ப் பிள்ளை. சீழை எடுத்துச் சுத்தம் செய்துவிட்டுக் கழுத்துத் தோலில் ஒரே ஓர் ஊசி போட்டாள். அது பதினான்கு நாள் உள்ளே இருந்து வேலை செய்யுமாம். மாத்திரையே வேண்டாமாம். மறுநாளே பழையபடி குனிங் மீன் கேட்டுக் கத்தினான்.

நாற்பது வருடம் மருந்துக் கடையில் நின்றவருக்கு இது பிடிக்கும் என்றுதான் எழுதுகிறேன். மதினிக்கு என் சலாம்.

துஆவில் உங்களை மறவாத
சம்சு

*

பெர்த்,
26 மே 2025

அன்புத் தங்கை சம்சுவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நாங்கள் மூவரும் நலம். முழங்கால் நலமில்லை. உன் சர்க்கரை அளவு என்ன என்று நீ எழுதவே இல்லை. பூனைக்கு ஒரு பக்கம், உனக்கு ஒரு வரியும் இல்லை.

நீ சொன்ன ஊசி எனக்குப் பிடிக்கவில்லை. மருந்து நல்ல மருந்துதான். ஆனால் அது மூன்றாம் தலைமுறைச் சரக்கு. மற்றது எதுவும் கேட்காத நேரத்துக்கு என்று பத்திரமாக வைத்திருக்க வேண்டியது. கைக்கு வசதி என்று அதையே போட்டுக்கொண்டிருந்தால் கிருமி பழகிவிடும், பிறகு பூனைக்கும் கேட்காது, மனுஷனுக்கும் கேட்காது. இன்னொன்று. மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த வேளை நிறுத்திவிடலாம். இந்த ஊசி உள்ளே போய்விட்டால் போனதுதான், திருப்பி எடுக்க முடியாது. வேலை முடிந்த பிறகும் இரண்டு மாதம் வரை உடம்பில் அதன் சுவடு இருக்கும்.

அடுத்த தடவை மாத்திரை கேள். பூனை விழுங்காது என்று சொல்வார்கள். விழுங்கும். மடியில் பெரிய துண்டை விரி. பூனையை முதுகு உன் பக்கம் இருக்கும்படி உட்கார வைத்து, கழுத்துக்குக் கீழே கால்கள் வெளியே வராதபடி சுற்று. இடது கையால் தலையைப் பின்னால் சாய்த்தால் வாய் தானாகத் திறக்கும். வலது ஆள்காட்டி விரலால் மாத்திரையை நாக்கின் அடியில் அல்ல, பின்பக்கத்தில் வை. வாயை மூடித் தொண்டையைத் தடவு. படம் தனித்தாளில் வரைந்திருக்கிறேன், பார். அது பூனைதான், ரபியா சொல்வது போல மூட்டை அல்ல.

நான்கு பக்கம் எழுதிவிட்டேன். இங்கே யாரும் என்னிடம் ஒரு தலைவலி மாத்திரைக்குக்கூட வழி கேட்பதில்லை. இல்ஹாம் எல்லாவற்றையும் போனில் பார்த்துக்கொள்கிறான். நீயாவது கேட்கிறாயே.

உன் நலம் நாடும் காக்கா,
காதர் மைதீன்

*

ஆங் மோ கியோ,
15 ஜூலை 2025

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வீட்டில் எல்லோரும் சுகமா? ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மதினி அனுப்பிய போர்வை வந்தது. இந்த ஊர் வெயிலில் அதைக் கிச்சாப் மட்டும்தான் பயன்படுத்துகிறான். என் சர்க்கரை கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே. போதுமா?

தேக்கா சந்தை மாடியில் என் தையல் கடைக்குத் தீபாவளி ரவிக்கைகள் இப்போதே வரத் தொடங்கிவிட்டன. பக்கத்துக் கடை பஞ்சவர்ணம் அக்கா, "இந்த வருஷம் நாப்பதுக்கு மேல எடுக்காத லா, கண்ணு போயிரும்" என்கிறார். நான் ஐம்பத்திரண்டு எடுத்திருக்கிறேன்.

உங்கள் மருமகன் மறுபடியும் அதே மஞ்சள் பூனையிடம் கடி வாங்கி வந்திருக்கிறான். இந்த முறை முன்னங்கால். ரக்ஷனா ஊசியைக் கையில் எடுத்துவிட்டாள். நான்தான் மாத்திரை கொடு என்றேன். "ஆன்ட்டி, இவன் கடிப்பான்னு உங்களுக்கே தெரியும். ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, பத்து நாள். முடியுமா?" என்று இரண்டு தடவை கேட்டாள். என் காக்கா படம் வரைந்து அனுப்பியிருக்கிறார் என்றேன்.

துண்டு, மடி, தலையைச் சாய்ப்பது எல்லாம் நீங்கள் சொன்னபடியே. நேற்று இரவும் இன்று காலையும் விழுங்கிவிட்டான். இன்னும் பதினெட்டு வேளை. உங்கள் வழி வெற்றி.

ரபியா மதினிக்கு முத்தம்.

தங்கை சம்சு

*

பெர்த்,
22 ஜூலை 2025

அன்புத் தங்கைக்கு,

வ அலைக்கும் ஸலாம். நலம், நலமறிய ஆவல். இந்த முறை இதை வெறும் சம்பிரதாயமாக எழுதவில்லை, உன் கடிதம் வந்ததிலிருந்து நான் உண்மையாகவே நலமாக இருக்கிறேன்.

சாப்பாட்டு மேசையில் அதை உரக்கப் படித்தேன். இல்ஹாம் தலையைத் தூக்கிப் பார்த்தான். "உங்கள் வழி வெற்றி" என்ற இடத்தை ரபியா இரண்டாம் தடவை படிக்கச் சொன்னாள். அவள் சொல்லவில்லை, நானாகப் படித்தேன் என்று இப்போது பின்னாலிருந்து சொல்கிறாள்.

இனி கவனிக்க வேண்டியது: புண் காய்ந்துவிட்டது என்று பாதியில் நிறுத்திவிடாதே, பத்து நாளும் கொடு. மாத்திரை கொடுத்ததும் கொஞ்சம் தண்ணீரோ மீன் சாறோ கொடு, தொண்டையில் ஒட்டக் கூடாது. நகத்தை முன்கூட்டியே வெட்டிவிடு. ஐம்பத்திரண்டு ரவிக்கையா? பஞ்சவர்ணம் சொல்வதைக் கேள்.

இருபது வேளையும் முடிந்ததும் எழுது. காத்திருப்பேன்.

காக்கா

*

பெர்த்,
6 ஆகஸ்டு 2025

சம்சு,

ஸலாம். சுகம்தானே? பத்து நாள் கணக்கு முடிந்து இரண்டு வாரம் ஆகப்போகிறது. தபால்பெட்டியைத் தினமும் பார்க்கிறேன். பூனைக்கு ஏதாவது ஆகிவிட்டதா? ஆகியிருந்தாலும் எழுது, நான் தாங்கிக்கொள்வேன்.

காக்கா

*

ஆங் மோ கியோ,
8 ஆகஸ்டு 2025

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அனைவரும் நலம்தானே? நானும் நலம், கிச்சாப்பும் நலம். கால் ஆறிவிட்டது.

எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள். பேருந்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாளை தேசிய நாள். தாழ்வாரம் முழுக்கக் கொடி. வேலை அதிகம், அதனால்தான் தாமதம்.

ஒரு சந்தேகம். கிச்சாப்புக்குக் கொடுக்கிற மாத்திரை அறுநூற்று இருபத்தைந்து மில்லிகிராம். காலையும் இரவும். வயிறு தண்ணியாகப் போகிறது. சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தால் பரவாயில்லையா? தயிர் கொடுக்கலாமா? இன்னும் ஒரு வாரம் பாக்கி.

மதினியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சம்சு

*

பெர்த்,
18 ஆகஸ்டு 2025

சம்சு,

அல்லாஹ் உன் கையைக் காப்பாற்றட்டும்.

நாலரை கிலோ பூனைக்கு எந்த டாக்டரும் அறுநூற்று இருபத்தைந்து எழுதமாட்டார். அந்த அட்டையை நான் சிராங்கூன் ரோட்டுக் கடையில் எத்தனை ஆயிரம் பேருக்குக் கொடுத்திருப்பேன்? அது மனுஷ மாத்திரை. பத்து நாள் மருந்து நாலாம் வாரமும் ஓடாது. உன் எழுத்து பேருந்தில் எழுதியதும் அல்ல. பேருந்தில் எழுதினால் ஆடும், இது இடப்பக்கம் படுத்துக் கிடக்கிறது. நீ வலக்கைக்காரி.

கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு உன்னைக் கூப்பிட்டேன். உயிர் போகிற காரியத்துக்குத்தான் கூப்பிட வேண்டும் என்று சொல்லியிருந்தாய், எனக்கு உயிர் போய்க்கொண்டுதான் இருந்தது. நீ எடுக்கவில்லை. நடேசனைக் கூப்பிட்டேன். அவர் கொஞ்ச நேரம் வானிலை பற்றிப் பேசினார். நான் விடவில்லை. "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க அண்ணே. மூணாம் நாள் அந்தப் பூன விரல் மூட்டுலயே பல்ல எறக்கிருச்சு. மறுநாள் கை முழங்கை வரைக்கும் செவந்துபோச்சு. ஆப்ரேஷன் பண்ணி உள்ள கழுவுனாங்க. ஆறு நாள் வார்டுல. சக்கர வேற. அந்த விரல் இன்னும் மடங்கல லா" என்றார்.

வலது ஆள்காட்டி விரல். நான் எழுதியபடியே நீ வைத்த விரல். நீ கத்தரி பிடிக்கிற விரல்.

நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் இங்கே உன் கடிதத்தை மேசையில் உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். நகத்தை வெட்டு என்று எழுதிக்கொண்டிருந்தேன். டாக்டர் பெண் இரண்டு தடவை கேட்டும் நீ என் பேச்சைக் கேட்டாய். வெட்கமாக இருக்கிறது, சம்சு.

உன் கேள்விக்குப் பதில்: சாப்பிடத் தொடங்கும்போது போடு, தயிர் சாப்பிடலாம், வயிற்றுப்போக்கு நிற்காவிட்டால் ஆஸ்பத்திரியில் சொல். மருந்து விஷயத்தில் நான் சொல்லும் கடைசி வார்த்தை இது. இனி யாருக்கும் சொல்வதாக இல்லை.

காதர் மைதீன்

*

பெர்த்,
20 செப்டம்பர் 2025

அன்புள்ள சம்சுவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மதினி ரபியா எழுதுவது. உன் கை எப்படி இருக்கிறது? உண்மையை எழுது. இந்த வீட்டில் இப்போது மறைத்து வைத்த செய்தி போதும்.

அவருடைய ஆகஸ்டுக் கடிதத்துக்குப் பிறகு நீ அனுப்பிய இரண்டு கடிதமும் வந்தன. உன் காக்கா படித்தார், மடித்தார், வைத்துவிட்டார். பதில் எழுதச் சொன்னால் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுகிறார். மருந்துப் புத்தகங்களைப் பெட்டியில் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டார். போன வாரம் எனக்குத் தலைசுற்றல். பிரஷர் மாத்திரை இரண்டு வேளை தவறிவிட்டது, இப்போது என்ன செய்வது என்று கேட்டேன். "டாக்டரக் கேளு" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நாற்பத்தாறு வருட வாழ்க்கையில் அவர் எனக்கு அப்படிச் சொன்னதே இல்லை.

மாமா, உங்கள் வாப்பா, மவுத்தான வருடம் உனக்கு நினைவிருக்கும். நெஞ்சு எரிகிறது என்று மாமா சொன்னார், இவர் வாயுத் தண்ணீர் கொடுத்து, காலையில் பார்க்கலாம் என்றார். காலையில் மாமா இல்லை. அதற்குப் பிறகு இவர் ஒரு வருடம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. இப்போது அதே முகம். எனக்குப் பயமாக இருக்கிறது. நீ இதையெல்லாம் நினைத்துத்தான் மறைத்தாய் என்று எனக்குத் தெரியும். இனி நீதான் எழுத வேண்டும். என்ன எழுதுவாய் என்று தெரியவில்லை.

உன் மதினி
ரபியா

*

ஆங் மோ கியோ,
2 அக்டோபர் 2025

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இது வலக்கையால் எழுதுவது. ஒரு பத்திக்கு ஒரு தடவை நிறுத்தி விரலை நீவிக்கொள்கிறேன். ஆகவே மடித்து வைக்காமல் கடைசி வரை படியுங்கள்.

முதலில் கையைப் பற்றி. விரல் முக்கால்வாசி மடங்குகிறது. வாரம் ஒருநாள் ஆஸ்பத்திரியில் பயிற்சி. களிமண் மாதிரி ஒன்றைக் கொடுத்துப் பிசையச் சொல்கிறார்கள். கத்தரி இன்னும் பிடிக்க வரவில்லை, வருமா என்று அவர்களும் உறுதியாகச் சொல்லவில்லை. பஞ்சவர்ணம் அக்கா வெட்டித் தருகிறார், நான் மெஷினில் தைக்கிறேன். ஐம்பத்திரண்டில் முப்பத்தைந்துதான் முடியும். மற்றவர்களிடம் மன்னிப்புக் கேட்டுத் துணியைத் திருப்பிக் கொடுத்தேன். அழுதேன். அதையும் மறைக்கவில்லை.

நான் வார்டில் இருந்தபோது நடேசன் அண்ணன் கிச்சாப்பை ரக்ஷனாவிடம் தூக்கிப் போனார். அவள் சீழைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு அந்த ஊசியையே போட்டாள். போன வாரம் நான் போய், என் காக்கா சொன்னது தப்பா என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உங்க அண்ணன் சொன்னதுல ஒரு வார்த்தகூட தப்பில்ல ஆன்ட்டி. நானும் அந்த ஊசிய எல்லாப் பூனைக்கும் போட மாட்டேன். ஆனா மருந்த மட்டும் பாத்தா போதாது, அத யார் கையால குடுக்கப் போறாங்கன்னும் பாக்கணும். அத நான்தான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும்." பாருங்கள், அவளும் தன் மேல் போட்டுக்கொள்கிறாள். எல்லோரும் பங்கு கேட்டால் நான் என்ன செய்வது?

காக்கா, உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. முதல் நாள் இரவே அவன் என்னைக் கீறிவிட்டான். மாத்திரையைத் துப்பிவிட்டான். மறுநாள் காலையும் துப்பினான். "விழுங்கிவிட்டான்" என்று நான் எழுதியது பொய். அன்றைக்கே ரக்ஷனாவிடம் திரும்பிப் போய், முடியவில்லை, ஊசி போடு என்று சொல்லியிருக்கலாம். போகவில்லை. ஏன் தெரியுமா? வாப்பா போன பிறகு உங்கள் கடிதங்களில் வானிலையும் முழங்காலும்தான் இருந்தன. மே மாதம் வந்த அந்த நான்கு பக்கத்தில் என் பழைய காக்கா இருந்தார். கடையில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, யார் வந்தாலும் திட்டிவிட்டு, பிறகு உட்கார வைத்துப் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பாரே, அவர். அந்தப் படத்தில் இருந்த மூட்டையைப் பார்த்து நான் எத்தனை நேரம் சிரித்தேன். உங்களுக்கு ஒரு வெற்றி கிடைக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்காக ஒரு பொய் எழுதினேன், அந்தப் பொய்யை நிஜமாக்கப் போய்க் கடி வாங்கினேன். நீங்கள் சொன்ன பேச்சால் வந்தது பாதி. உங்கள் மேல் இருக்கிற பிரியத்தால் வந்தது மீதி. அந்த மீதிக்கு நீங்கள் வெட்கப்பட உரிமை இல்லை, அது என்னுடையது.

நீங்கள் பேசாமல் இருந்தால் நான் இரண்டையும் இழந்தவள் ஆவேன், விரலையும் காக்காவையும். விரலைப் பிசைந்து பிசைந்து கொண்டுவந்துவிடுவேன். உங்களை என்ன செய்வேன்?

ஆகவே ஒன்று கேட்கிறேன். ஆஸ்பத்திரியில் என் சர்க்கரை மாத்திரையைக் கூட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து வாயில் இரும்பைக் கடித்த மாதிரி ருசி. மீன் குழம்புகூட ஆணி போல இருக்கிறது. இது ஏன், எப்போது போகும்? டாக்டரைக் கேள் என்று எழுதினால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

உங்கள் தங்கை
சம்சுன்னிசா

*

பெர்த்,
17 அக்டோபர் 2025

என் அன்புத் தங்கை சம்சுவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. இன்று வெள்ளி. நான்கு நாளில் மூன்று பதில் எழுதிக் கிழித்தேன். முதலாவதில் மன்னிப்புக் கேட்டேன், இரண்டாவதில் உன்னைத் திட்டினேன், மூன்றாவதில் வாப்பாவைப் பற்றி எழுதி முடிக்க முடியவில்லை. உன் கடிதத்தை இந்த முறை மேசையில் படிக்கவில்லை. தோட்டத்தில் தனியாக உட்கார்ந்து படித்தேன். ரபியா தூரத்தில் நின்று பார்த்தாள், கிட்டே வரவில்லை.

நீ கேட்டதற்காகப் பரணிலிருந்து ஒரு புத்தகத்தை இறக்கினேன். முழங்காலோடு ஏணியில் ஏறியதற்கு இல்ஹாம் கத்தினான். எனக்குப் பதில் முன்பே தெரியும். ஆனாலும் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அந்த ருசி மாத்திரையால் வருவதுதான். பலருக்கும் வரும், பெரும்பாலும் சில வாரத்தில் தானாகக் குறையும். மாத்திரையைச் சாப்பாட்டோடு போடு. நீயாக நிறுத்தாதே. வாந்தி வந்தாலோ சாப்பாடு இறங்காவிட்டாலோ தள்ளிப் போடாமல் போய்க் காட்டு.

இது நான் இங்கே இருந்துகொண்டு சொல்வது. உன் நாக்கையும் உன் ரத்தப் பரிசோதனையையும் நான் பார்க்கவில்லை. உன் டாக்டர் பார்க்கிறார். அவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே செய். செய்துவிட்டு என்ன சொன்னார் என்று எனக்கு எழுது. முடியவில்லை என்றால் முடியவில்லை என்று எழுது. துப்பிவிட்டேன் என்றால் துப்பிவிட்டேன் என்று எழுது. நான் கோபப்படமாட்டேன்.

கொஞ்சம் படுவேன். ஆனால் பதில் எழுதுவேன்.

உன்
காக்கா